பலகையில் மிச்சமிருக்கும் முழங்கை

போன வாரம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பொன்னேரி பஸ்ஸில் வந்தால், முன்பெல்லாம் ஊர் வந்துவிட்டதை மூக்குதான் முதலில் சொல்லும். இப்போது கண் சொல்கிறது. டச்சுக்காரர்கள் என்கிற ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டு ஆள் உயரம். ஊரின் பழம்பெருமையைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, நடுவில் கல்லறை வாசலின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், மேலே வெறும் வானம். ஒரு ஈ காக்கை இல்லை.

நல்ல படம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் இடது பக்கம் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு கூடையின் விளிம்பும், அதன் மேல் ஒரு முழங்கையும் தெரிந்தன. முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய தேள், அதுவும் பாதிதான். கொடுக்கு இருந்தது, தலையை வெட்டிவிட்டார்கள்.

அது கன்னியம்மாவின் கை. அந்தப் படம் நான் எடுத்தது.

இதை உங்களிடம் எழுத்தில் சொல்கிறேன் என்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். நேரில் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, ஏதோ கொஞ்ச நாள் படம் எடுத்தேன்" என்று நழுவியிருப்பேன். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் முன்னால் புகுந்தால், அவருக்கு வழிவிட்டு இன்னும் ஒரு அடி பின்னால் போகிற ஜாதி நான். இப்போது மீஞ்சூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அதிலும் ஒரு வசதி, பேச வேண்டியதில்லை. எத்தனை காப்பி என்று அவர்களே விரலைக் காட்டிவிடுவார்கள்.

ஜெராக்ஸ் மெஷின் சூடானால் ஒரு வாசனை வரும். எனக்கு அது உடனே வேறொரு வாசனையைக் கொண்டுவந்துவிடும். ஹைப்போ வாசனை. படம் கழுவும் இருட்டறையில், தட்டுகளில் ஊற்றி வைத்திருக்கும் அந்தப் புளித்த தண்ணீர் வாசனை. பத்தாவது முடித்துவிட்டு (கணக்கில் மட்டும் இரண்டாம் முறை) பழவேற்காடு பஜார் தெருவில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் குப்பத்துப் பெண். வீட்டுக்குப் போனால் அம்மா என் கையை மோந்து பார்த்து, "மீன் கவிச்சியே தேவல" என்பாள். நைனா மட்டும், "போட்டோ கடையில குந்தினா வெயிலாவது படாது" என்று என் பக்கம் பேசுவார்.

ஸ்டுடியோ வைத்திருந்தவர் ஜமால் அண்ணன். அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கடைக்கு வருகிறவர்களைச் சிரிக்கவைப்பதில் கெட்டிக்காரர். பஞ்சாயத்து ஆபீஸ் என்றால் மட்டும் அவருக்கே சிரிப்பு நின்றுவிடும். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஆளை அனுப்புகிற இடம் அதுதானே. அவர் கடையைப் பார்த்துக்கொள்ள, தெருவில் படம் எடுக்கிற வேலை மெல்ல மெல்ல என்னிடம் வந்தது. கேமராவை எனக்குப் பிடித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அதைக் கண்ணில் வைத்தால் பாதி முகம் மறைந்துவிடும். அவ்வளவுதான்.

ஒருநாள் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற ஒரு சங்கத்துக்காரர். எல்லோரும் சார் என்று கூப்பிட்டதால் பெயரே தெரியாமல் போய்விட்டது. ஒல்லாந்து தேசத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், பள்ளிக்கூடத்து ஹாலில் ஒரு புகைப்படக் கண்காட்சி வைக்க வேண்டும் என்றார்.

"இத்தனூண்டு ஊர்ல எத்தனை விதமான ஜனங்க இருக்காங்க. அதைத்தான் காட்டணும். எல்லாப் படத்துலயும் கல்லறை வாசல் வரட்டும். கீழே ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

"எழுதறதுக்கு நம்ம தங்கச்சி இருக்கு சார்" என்றார் ஜமால் அண்ணன். "பேச்சுதான் வராது. எழுத்து அச்சு மாதிரி இருக்கும்."

செய்தி ஊரில் பரவியதும் சண்டை வந்தது. வாசலில் யார் முதலில் நிற்பது என்று பஜார் தெருக்காரர்கள் ஒரு பக்கம், சர்ச் தெருக்காரர்கள் ஒரு பக்கம். குப்பத்துக்காரர்கள் சொல்லவே வேண்டாம். கடைசியில் பஞ்சாயத்துத் தலைவரே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். அவரும் எங்கள் குப்பத்துக்காரர்தான். "இதுக்கு இன்னாத்துக்குச் சண்டை? பாடு வெச்சிக்கலாம்" என்றார்.

பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அதனால் எந்த ஆட்கள் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். உங்கள் பாடு அன்று அந்த இடம் உங்களுடையது. கலெக்டரே வந்தாலும் உங்களை எழுப்ப முடியாது. அன்றைக்கு நீங்கள் வலை கட்டாமல் விட்டால், அடுத்த சுற்றுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அடித்துக்கொள்வோம், பேசாமல் இருப்போம், ஆனால் பாட்டில் மட்டும் கைவைக்க மாட்டோம்.

தலைவரே தன் கையால் ஐந்து சீட்டு எடுத்தார். பஜார் தெரு, ஏரியில் இறால் தடவுகிற இருளர் ஜனங்கள், சர்ச் தெரு, சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருந்த தெலுங்குப் படகுக்காரர்கள், கடைசியில் குப்பம். தெருவுக்கு மூன்று நாள். நான் அந்த முறையை எழுதி ஸ்டுடியோ கண்ணாடியில் ஒட்டினேன்.

கன்னியம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கடைசில தள்ளிட்டீங்களா? சரி, என் பாடு வர்றப்ப நடுவுல நாந்தான் நிப்பேன். நல்ல பொடவை கட்டினு வருவேன், சொல்டேன்" என்றாள்.

கன்னியம்மாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கல்லறைச் சுவரோரம் மீன் விற்கிற ஏழெட்டுப் பெண்களில் அவள் குரல்தான் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். வாசலில் இருக்கிற எலும்புக்கூடுகளுக்குப் பெரியவர், சின்னவர் என்று பேர் வைத்திருந்தாள். பெரியவர் காலடியில் வெற்றிலைப் பை. மீன் விற்காத நாளில், "பெரியவரே, நீயும் பட்டினி, நானும் பட்டினி" என்பாள். உள்ளே படுத்திருக்கிற ஒல்லாந்தர்களின் பெயர்கள் கல்லில் அழகாக வெட்டியிருக்கும். எங்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் விற்றார்கள் என்று சார்தான் ஒருமுறை சொன்னார். அந்த மனிதர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். வழக்கம்போலக் கேட்கவில்லை.

படம் எடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். அதுகூட ஜமால் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டதுதான். கோபம் வந்தால் எந்தப் பாஷையில் திட்டுவீர்கள்? துணிக்கடை பாய் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "திட்டு வாங்கறதுதான்மா நம்ம வேலை. அது எல்லாப் பாஷையிலயும் வாங்குவேன்" என்றார். அவர் கன்னியம்மாவிடம் மடவை மீனுக்குப் பேரம் பேசும்போதே எடுத்துவிட்டேன். இருளர் பெண்கள் இருவர் ஈரப் புடவையோடு வந்து நின்றார்கள். தண்ணீருக்குள் இரண்டு கையாலும் இறால் தடவும்போது கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். படத்துக்கும் அப்படியே கடித்துக்கொண்டு நின்றதால் கேள்விக்குப் பதில் வரவில்லை. சர்ச் தெருவிலிருந்து கல்யாணப் பெண் ஒருத்தி வெள்ளை உடையோடு வந்து வாசலுக்கு இடது பக்கம் நின்றாள். உடையின் நுனி மீன் தண்ணீரில் படாமல் இருக்க, கன்னியம்மா கூடையை இழுத்து நகர்த்தி, கையை நீட்டித் துணியைத் தூக்கிப் பிடித்தாள். பலகையில் இருப்பது அந்தப் படம்தான். மணப்பெண் இல்லை. தூக்கிப் பிடித்த கையில் பாதிதான் இருக்கிறது.

நான்கு பாடு முடிந்து, பன்னிரண்டு நாள் படங்களையும் கழுவித் தொங்கவிட்டபோதுதான் கவனித்தோம். யார் பாடாக இருந்தாலும், எல்லாப் படத்திலும் ஓரத்தில் கன்னியம்மா இருந்தாள். தோளோ, முதுகோ, கூடைமேல் வைத்த கையோ. முகம் மட்டும் ஒன்றிலும் இல்லை. எப்போதும் வாங்க வந்த கிராக்கி பக்கம்தான் திரும்பியிருந்தாள். அவளிடமே சொன்னேன்.

"நான் யாவாரத்தப் பாப்பனா, உன் போட்டோவப் பாப்பனா?" என்றாள். "என் பாட்டுல பாத்துக்க என் மூஞ்ச."

அவள் எந்தப் பாஷையில் திட்டுவாள் என்று மட்டும் முன்கூட்டியே எழுதிக்கொண்டேன். "புருசனுக்குத் தெலுங்கு, கிராக்கிக்குத் தமிழு, போலீசுக்கு மனசுக்குள்ள."

படங்களைப் பார்க்க சார் வந்தார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, ஒரே கும்பலா இருக்கு. பாய்னா மசூதி வாசல்ல நிக்கணும். மீனவர்னா படகுல இருக்கணும். கிறிஸ்தவங்கன்னா கையில மெழுகுவத்தி. அவங்கவங்களை அவங்கவங்க இடத்துல காட்டினாத்தானே எத்தனை விதம்னு தெரியும்? கல்லறை வாசல் காலியா இருக்கட்டும். அது விருந்தாளிங்களோட முன்னோர் இடம்."

எல்லாப் படத்திலும் வாசல் வரட்டும் என்று சொன்னவரே அவர்தான். பாய் மீன் வாங்குவது எங்கே? மசூதியிலா? கல்யாணப் பெண்ணின் துணியைத் தூக்கிப் பிடித்தவள் எந்தப் படகில் இருந்தாள்? எத்தனை விதமான ஜனங்கள் என்று அவர் தனித்தனி டப்பாவில் தேடினார். எங்கள் ஊரில் அது அந்தச் சுவரோரம், ஒரே கூடையைச் சுற்றி இருந்தது. இதெல்லாம் இப்போது எழுதும்போது கோர்வையாக வருகிறது. அன்றைக்குப் படங்களை ஒன்றாக அடுக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"நேரம் இல்லை, இருக்கிறதை வெட்டிக்கறேன்" என்று சார் படங்களை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது சொன்னதுதான் பெரிய செய்தி. விருந்தாளிகள் வருகிற அன்று சுவரோரம் யாரும் மீன் விற்கக் கூடாது, அப்புறம் அந்த இடத்தில் கம்பி வேலி வரப்போகிறது, பஞ்சாயத்தில் பேசியாகிவிட்டது.

ஜமால் அண்ணன் போய்க் கன்னியம்மாவிடம் சொன்னார். "ஒரு நாள்தான் யக்கா. அனுசரிச்சுப் போயேன்."

"ஒரு நாள் எழுந்துட்டா அப்பால எப்ப குந்துறது?" என்றாள். "எங்க அம்மா குந்துன எடம் பாய் இது. எழுந்து பாக்கச் சொல்றியா, வேலி வருதா இல்லையான்னு?"

"பேஜார் பண்ணாத யக்கா. என் பொழப்பும் இதுல கீது."

"உன் பொழப்பு கடைக்குள்ள கீது. என்து இங்க கீது."

அவர் முகம் சுருங்கித் திரும்பி வந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த முறையைப் பார்த்தேன். விருந்தாளிகள் வருகிற நாள், குப்பத்துப் பாட்டின் கடைசி நாள். முதல் இரண்டு நாளையும் மழை தின்றுவிட்டது.

ஸ்டுடியோவில் பிஸ்கட் டப்பா ஒன்று உண்டு. பெரிதாகப் போடுமுன் சரிபார்க்கப் போடும் சின்னப் படங்களை அதில் சேர்த்து வைப்போம். வெட்டாத முழுப் படங்கள். அவற்றை எடுத்து, பின்னால் பெயரும் அவர்கள் சொன்னதும் எழுதி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டேன். ஜமால் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், படம் காயப்போடுகிற கிளிப்புகளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, "நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். விருந்தாளிகளுக்கு மாலை போடுவதை எடுக்க அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்று காலை கன்னியம்மா மாம்பழ நிறத்தில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மீன் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். நான் ஒவ்வொரு கூடையின் விளிம்பிலும் ஒரு படத்தைக் கிளிப் போட்டு மாட்டினேன். "மீன் செதிலு ஒட்டிடப் போவுது, ஸோக்கா மாட்டுமே" என்று கன்னியம்மா மிரட்டினாள்.

ஹாலில் பேச்செல்லாம் முடிந்து விருந்தாளிகள் கல்லறையைப் பார்க்க நடந்து வந்தார்கள். முன்னால் சார், பக்கத்தில் தலைவர். எங்களைக் கண்டதும் சார் வேகமாக என்னிடம் வந்தார்.

"யாரைக் கேட்டு இங்கே உக்கார வெச்சே? இவங்களை உடனே எழுந்திருக்கச் சொல்லு."

என் வாழ்நாளில் கூட்டத்தில் நான் பேசிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் சாரைப் பார்த்துச் சொல்லவில்லை, தலைவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"இன்னிக்குக் குப்பத்துப் பாடு."

சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவருக்கு விளங்கியது. சீட்டு எடுத்தது அவர் கை. பாட்டில் உட்கார்ந்தவளை எழுப்பினார் என்று ஒரு பேச்சு வந்தால், அதற்குப் பிறகு ஏரியில் யார் அவர் சீட்டை மதிப்பார்கள்? அவர் தரையைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார்" என்றார். "இன்னைக்கு எழுப்ப முடியாது."

"வேலி போடப்போற இடம்னு நீங்கதானே சொன்னீங்க? இவங்க இப்ப புதுசா வந்து..."

"யாரு புதுசு?" என்றாள் கன்னியம்மா. "படத்தப் பாரு நைனா. எந்த நாள்ல நான் இல்ல?"

விருந்தாளிகளில் வயதான பெண் ஒருவர் குனிந்து, கூடை கூடையாகப் படங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் இருந்த கையையும் முதுகையும் விரல் வைத்துக் காட்டி, நிமிர்ந்து கன்னியம்மாவைப் பார்த்தார். கன்னியம்மா தேள் குத்திய கையைத் தூக்கிக் காட்டினாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கம்பி வேலிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பல வருஷம் எடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கேமரா ஜமால் அண்ணனிடம் இருந்தது. ஃபிலிம் முழுவதும் மாலையிலும் மேடையிலும் தீர்ந்துபோயிருந்தது. பட்டுப் புடவை கட்டிய கன்னியம்மாவை யாரும் படம் எடுக்கவில்லை.

"நாளைக்கு எடுத்துடலாம் யக்கா" என்றேன், அழுகை வராத குறையாக.

"நாளைக்கு பஜார் தெரு பாடு. என் பாடு தப்பிச்சி, தப்பினது தப்பினதுதான்" என்றாள். "இப்பத்தான் அதச் சொல்லி எடத்தக் காப்பாத்தினோம். நானே ஒடைக்கிறதா? அடுத்த சுத்துல பாத்துக்கலாம் போ."

அடுத்த சுற்று வரவில்லை. கண்காட்சி முடிந்ததும் ஊருக்குப் படத்தின் மேல் இருந்த மோகம் முடிந்தது. எனக்கு மீஞ்சூரில் கல்யாணம் ஆனது. ஒருநாள் கேமராவை வாங்கிக்கொண்டு போய் எடுத்திருக்கலாம். முறை, முறை என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். என்னைப்போல வாய் செத்தவர்களுக்கு முறை ஒரு நல்ல சாக்கு.

பலகையைப் பார்த்துவிட்டு அன்று திரும்பி வந்தேன். நேற்று மறுபடியும் போனேன், எங்கள் கடையில் விற்கிற தடித்த மார்க்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு. பலகையின் ஓரத்தில், முழங்கைக்குக் கீழே, என் அச்சு எழுத்தில் எழுதினேன். "கன்னியம்மா. இங்கே மீன் விற்றவர். புருசனுக்குத் தெலுங்கு, கிராக்கிக்குத் தமிழ், போலீசுக்கு மனசுக்குள்."

காவலாளி வந்து நின்றார். "இன்னாம்மா எழுதற?"

"பேரு."

"யாரு பேரு?"

"இந்தக் கையோட பேரு."

அவர் குனிந்து பார்த்தார். அதுவரை அங்கே ஒரு கை இருப்பதே அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. "அழிச்சுடுவாங்கம்மா" என்றார், கொஞ்சம் வருத்தமாகவே.

"அழிக்கட்டும். அடுத்த வாரமும் வருவேன்."

சொன்ன பிறகுதான், தெரியாத ஒருவரிடம் இத்தனை பேசியிருக்கிறேன் என்று உணர்ந்து காது சூடானது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். கடையில் ஒரு பெட்டி மார்க்கர் இருக்கிறது.

சுவரோரம் இப்போது வேலி இருக்கிறது. அது சண்டை போட்டு வரவில்லை. மீன் பாலத்தடியிலிருந்தே வேனில் ஏறி நேராகச் சென்னைக்குப் போக ஆரம்பித்தது, பிள்ளைகள் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார்கள், பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாக எழுந்தது கன்னியம்மா, அதுவும் நான்கு பேர் தூக்கித்தான். அவள் சொன்னது சரி, எழுந்த பிறகுதான் வேலி வந்தது. ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. ஜமால் அண்ணன் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார் என்று கேள்வி. பிஸ்கட் டப்பா எங்கே போனதென்று தெரியவில்லை. பெரியவரும் சின்னவரும் அப்படியே நிற்கிறார்கள், அவர்களை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

நேற்று என் கைப்பையில் செல்போன் இருந்தது. அதில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஃபிலிம் தீராது. வாசலுக்கு எதிரே போய் நின்று, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. அடுத்த சுற்று வந்துவிட்டது. நடுவில், மாம்பழ நிறப் புடவை நிற்க வேண்டிய அளவுக்கு இடம் விட்டு, எடுத்தேன்.